பரிச மோதிரம்: வைரத்துக்கு எந்த செட்டிங்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரிசத்துக்கு மோதிரம் எடுக்கக் கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியாவுக்கோ பிரிக்ஃபீல்ட்ஸுக்கோ போகிறவர்களும், பினாங்கில் லெபோ பாசாருக்கோ கேம்பல் தெருவுக்கோ போகிறவர்களும் கடையில் உட்கார்ந்ததும் கேட்பது "கல் எத்தனை கேரட்?" என்றுதான். அந்தக் கல்லை எது பிடித்துக்கொண்டிருக்கிறது, அதாவது எந்த செட்டிங் என்று கேட்பது பெரும்பாலும் கல் விழுந்த பிறகு. விழுவதற்கு முன்பே கேட்க வேண்டியவை இங்கே இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் கேரட் என்றால் வைரத்தின் எடை. ஒரு கேரட் 0.2 கிராம். தங்கத்தின் தரத்தை 916, 750 என்று முத்திரை எண்ணாலேயே சொல்கிறோம், குழப்பம் வராது.

கடையில் ஏகப்பட்ட பெயர் சொல்கிறார்கள். உண்மையில் எத்தனை வகை?

பெயர்தான் நிறைய, வேலை நாலைந்துதான். மெல்லிய கொக்கிகள் மேலிருந்து கல்லை அழுத்திப் பிடித்தால் அது பிராங். சிலர் கிளா என்பார்கள். கல்லைச் சுற்றித் தகட்டு விளிம்பு ஏறி மூடினால் பெசல். இரண்டு சுவருக்கு நடுவே கற்கள் வரிசையாக உட்கார்ந்தால் சேனல். வளையத்தின் மேல் பொடிக்கற்களை நெருக்கி வைத்து, அதே உலோகத்திலிருந்து கிளப்பிய சின்னச் சின்ன மணிகளால் பிடித்தால் பாவே. உலோகத்தில் குழி எடுத்து, கல்லை மேற்பரப்புக்குச் சமமாக இறக்கினால் ஃப்ளஷ். ஹேலோ, மூன்று கல், கேத்தீட்ரல் எல்லாம் இவற்றைக் கலந்து செய்யும் வடிவங்கள்.

டென்ஷன் என்று ஒன்றும் காட்டுவார்கள். வளையத்தின் இரண்டு முனைகளின் அழுத்தத்தில் கல் அந்தரத்தில் நிற்பது போலிருக்கும். பார்க்க அழகு, அளவு மாற்ற முடியாது, பழுது பார்க்கத் தெரிந்தவர் அரிது. பரிச மோதிரத்துக்கு இதை நாங்கள் சொல்வதில்லை.

எங்கிருந்து தொடங்குவது?

அணியப்போகிறவரின் கையிலிருந்து. அந்தக் கை நாள் முழுதும் என்ன செய்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். மருத்துவமனையில் நாளுக்கு இருபது முறை கையுறை மாட்டிக் கழற்றும் தாதிக்கு உயரமான ஆறு கொக்கி மோதிரம் தொல்லை; ரப்பர் கிழியும், கொக்கி தூக்கும். சப்பாத்தி மாவு பிசைகிறவருக்கும் முறுக்கு பிழிகிறவருக்கும் பாவே வளையம் வேண்டாம், மாவு இடுக்கில் புகுந்து கல்லாகிவிடும். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர், ஜிம்மில் கம்பி பிடிக்கிறவர் கையில் மெல்லிய வளையம் நாளடைவில் முட்டை வடிவமாகும். கணினி முன் உட்கார்ந்து வேலை செய்கிறவர் என்றால் எது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

அடுத்தபடியாக, மோதிரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் எரியும் ஸ்பாட்லைட்டில் எந்தக் கல்லும் மின்னும். செட்டிங்கின் நேர்மை அடிப்பக்கத்திலும் பக்கவாட்டிலும்தான் தெரியும்.

நாலு கொக்கியா, ஆறு கொக்கியா?

டிஃப்பனி நிறுவனம் 1886இல் கொண்டுவந்த ஆறு கொக்கி மோதிரம்தான் இன்று நாம் சாலிட்டேர் என்று சொல்லும் ஒற்றைக்கல் மோதிரத்துக்கு மூல வடிவம். ஆறில் உள்ள நன்மை எளிய கணக்கு: ஒரு கொக்கி உடைந்தாலும் மீதி ஐந்து கல்லை விடாது. நாலில் ஒன்று போனால் அந்தப் பக்கம் பாதி வட்டம் திறந்துவிடுகிறது. ஒரு தட்டில் கல் சாய்ந்து நழுவும்.

அப்படியானால் எல்லாருக்கும் ஆறு என்று சொல்லிவிடலாமே என்றால், கல்லின் அளவு இடிக்கிறது. ஒரு கேரட் உருண்டைக் கல் ஏறக்குறைய 6.5 மில்லிமீட்டர் அகலம். ஆறு கொக்கி தாராளமாக உட்காரும். அரை கேரட் 5.1 மில்லிமீட்டர்தான்; ஆறு நுனிகளை நன்றாகச் சன்னமாக்கினால் ஒத்துவரும். 0.30 கேரட் வெறும் 4.3 மில்லிமீட்டர், அதில் ஆறு கொக்கி வைத்தால் கல்லைவிட உலோகம்தான் கண்ணில் படும். எனவே 0.40 கேரட்டுக்குக் கீழே நாலு, 0.75க்கு மேலே ஆறு, நடுவில் இருப்பவர்கள் கையின் வேலையைப் பார்த்து முடிவு செய்யலாம். நாலு கொக்கி உருண்டைக் கல்லைக் கொஞ்சம் சதுரமாகக் காட்டும், ஆறு அதன் வட்டத்தை எடுத்துக் காட்டும். சிலருக்கு அந்தச் சதுரச் சாயல்தான் பிடிக்கும்.

கொக்கி வேலை நன்றாக இருக்கிறதா என்று நாமே பார்க்க முடியுமா?

முடியும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் கண்ணாடி கடையிலேயே இருக்கும், கேட்டால் தருவார்கள். கல் பதிப்பவர் ஒவ்வொரு கொக்கியின் உள்பக்கத்திலும் பர் என்னும் சுழலும் வெட்டுமுனையால் ஒரு வெட்டு எடுப்பார். கல்லின் இடுப்பு விளிம்பு, அதாவது மேல்பட்டைகளும் அடிப்பட்டைகளும் சந்திக்கும் அகன்ற ஓரம், அந்த வெட்டில் போய் உட்கார வேண்டும். பிறகு நுனியைக் கல்லின் மேல் மடக்கி, உருட்டி, மெருகேற்றுவார். வெட்டு கொக்கியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருந்தால் நல்லது. பாதியைத் தாண்டினால் அந்த இடம் கழுத்து ஒடிந்த மாதிரி. முதல் பெரிய தட்டில் மடங்கும். பக்கவாட்டில் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்.

லூப்பில் பார்க்கும்போது நுனிக்கும் கல்லுக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரிந்தால் நுனி சரியாகப் படியவில்லை. எல்லா நுனிகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா, கல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு பருத்தி நூலையோ சேலையின் ஜரிகை ஓரத்தையோ மோதிரத்தின் மேல் இழுத்துவிடுங்கள். எங்கே சிக்குகிறதோ அந்தக் கொக்கி தூக்கியிருக்கிறது. கடைசியாக, காதருகே வைத்து விரலால் வளையத்தை லேசாகத் தட்டுங்கள். இறுகிய கல் சத்தம் போடாது; தளர்ந்தது 'டிக் டிக்' என்னும். இந்தக் கடைசிச் சோதனையை வாங்கிய பிறகும் மாதத்துக்கு ஒருமுறை செய்யலாம், காசா பணமா.

பெசல் போட்டால் கல் மங்கிவிடும் என்கிறார்களே?

பாதி உண்மை. வைரத்தின் மின்னல் பெரும்பாலும் மேலிருந்து உள்ளே போகும் ஒளி அடிப்பட்டைகளில் பட்டு மேலேயே திரும்புவதால் வருவது. நன்றாகப் பட்டை தீட்டிய கல்லில் பெசல் அதிகம் கெடுப்பதில்லை. கெடுப்பது இரண்டு: விளிம்பு தேவைக்கு மேல் உள்ளே வந்து கல்லை மூடினால் அளவு சிறுத்துத் தெரியும்; மஞ்சள் தங்க விளிம்பு நிறமற்ற கல்லில் லேசான மஞ்சள் சாயலைப் பாய்ச்சும். ஜிஐஏ என்னும் அமெரிக்க ரத்தினவியல் கழகத்தின் அளவுகோலில் நிறமற்றவை எனப்படும் டி, இ, எஃப் நிறக் கல்லை அதிகக் காசு கொடுத்து வாங்கிவிட்டு மஞ்சள் பெசலில் புதைப்பது வீண். லேசான மஞ்சள் சாயலுள்ள ஜே, கே நிறம் என்றால் நேர்மாறு. மஞ்சள் தங்கத்தில் அந்தக் கல் வெள்ளையாகத் தெரியும்.

பெசலுக்கு ஒரு சிக்கல் உண்டு, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சான்றிதழ் எண்ணை லேசரால் பொறிப்பது கல்லின் இடுப்பு விளிம்பில். முழு பெசல் போட்டால் அந்த எண் உலோகத்துக்குள் மறைந்துவிடும். ஆகவே பதிப்பதற்கு முன், தனிக்கல்லாக இருக்கும்போதே லூப்பில் எண்ணைப் படித்துச் சான்றிதழோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

ஹேலோ போட்டால் சின்னக் கல் பெரிதாகத் தெரியுமா?

தெரியும், அதற்காகத்தான் அது இருக்கிறது. 0.30 கேரட் கல்லைச் சுற்றி 1.3 மில்லிமீட்டர் பொடிக்கற்களை ஒரு வட்டம் வைத்தால் மொத்த அகலம் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் ஆகும். எட்ட நின்று பார்க்கிறவருக்கு ஒரு கேரட். அந்த வட்டத்துக்குப் பதின்மூன்று பதினான்கு பொடிக்கல் தேவை, ஒவ்வொன்றும் சுமார் 0.01 கேரட். அதாவது விழக்கூடிய கல் ஒன்றுக்குப் பதில் பதினைந்து. நடுக்கல்லுக்கும் வட்டத்துக்கும் இடையே உள்ள பள்ளத்தில் சோப்பும் எண்ணெயும் தங்கும். மூன்று மாதம் கழுவாவிட்டால் மோதிரமே சாம்பல் பூத்தது போலாகிவிடும். கழுவும் பழக்கம் உள்ளவர் எடுக்கலாம்.

வளையம் முழுக்கப் பொடிக்கல் வைத்த மோதிரத்தில் ஏன் கல் விழுந்துகொண்டே இருக்கிறது?

வளையம் வளைவதால். பாவேயில் ஒவ்வொரு கல்லையும் பிடித்திருப்பது குண்டூசித் தலையைவிடச் சின்ன மணிகள். சந்தையில் கனத்த பிளாஸ்டிக் பைகளைத் தூக்கும்போது பையின் காது வளையத்தின் அடியில் அழுத்துகிறது. வளையம் மயிரிழை அளவு வளைந்து திரும்புகிறது. உலோகம் வளையும், வைரம் வளையாது; நடுவில் மணி தளர்கிறது. ஒரு நாளில் நடப்பதில்லை, ஆயிரம் முறை வளைந்த பிறகு ஒரு நாள் கழுவும்போது கல் தொட்டிக்குள் போகும்.

தடுப்பு வாங்கும்போதே இருக்கிறது. வளையத்தின் அடிப்பாகத் தடிமன் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 1.8 இருந்தால் நிம்மதி. கடையில் வெர்னியர் அளவுகோல் இருக்கும், உங்கள் கண் முன்னே அளக்கச் சொல்லுங்கள். இப்போது வரும் சன்ன வளையங்கள் சில 1.2தான், எடை குறைத்து விலையை இறக்குவதற்காக. கற்கள் வளையத்தின் மேல் பாதியில் மட்டும் இருக்கட்டும். உள்ளங்கைப் பக்கம் வைக்கும் கல்லை யாரும் பார்க்கப்போவதில்லை, முதலில் விழுவதும் அதுதான். வளையம் முழுதும் கல் என்றால் பிறகு அளவும் மாற்ற முடியாது.

கல்லின் வடிவத்துக்கு ஏற்ப செட்டிங் மாறுமா?

மாறும். வைரம் கடினம்தான், ஆனால் சில திசைகளில் அடி பட்டால் பிளக்கும். சதுரமான பிரின்சஸ் கல்லின் நாலு மூலை, பேரிக்காய் வடிவ 'பேர்' கல்லின் கூர்முனை, படகு வடிவ மார்க்கீஸின் இரண்டு முனை, இவை எல்லாம் 'வி' வடிவக் கொக்கிக்குள் இருக்க வேண்டும். மூலைக்கு வெறும் உருண்டைக் கொக்கி வைத்த பிரின்சஸ் மோதிரத்தை வாங்காதீர்கள். ஓவலுக்கும் உருண்டைக்கும் அந்தக் கவலை இல்லை.

916 தங்கத்திலேயே செய்ய முடியாதா? வீட்டில் 750 என்றால் "கலப்படம்" என்கிறார்கள்.

இந்தக் கேள்வி வராத வீடில்லை. 916இல் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், 750இல் 75 பங்கு. மீதி வெள்ளி, செம்பு போன்றவை, உலோகத்தை இறுக்குவதற்குச் சேர்ப்பவை. சங்கிலிக்கும் வளையலுக்கும் 916இன் மென்மை குறையில்லை. ஆனால் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கொக்கி அதே மென்மையில் இருந்தால், கதவுக் கைப்பிடியில் இடித்தாலே விரியும். கொக்கி செட்டிங்குக்கு 750 அல்லது பிளாட்டினம் 950தான்.

916தான் வேண்டும் என்று பாட்டி பிடிவாதமாக நின்றால் வழி உண்டு: பெசல். நம் பழைய வைரத்தோடுகள் மென்மையான தங்கத்தில் தலைமுறை தாண்டி நிற்பதற்குக் காரணம், கல்லைச் சுற்றித் தடித்த விளிம்பு முழுதும் பிடித்திருப்பது. அதே முறையில் 916 வளையத்தில் கனமான பெசல் வைக்கலாம். இன்னொரு வழி, வளையம் மஞ்சள் 750, கல் உட்காரும் தலை மட்டும் வெள்ளைத் தங்கம் அல்லது பிளாட்டினம்.

ஒயிட் கோல்டு சில மாதத்தில் மஞ்சளாகிறதே, ஏமாற்றா?

இல்லை. ஒயிட் கோல்டின் இயல்பு நிறம் லேசான மஞ்சள் சாம்பல். கடையில் தெரியும் கண்ணாடி வெள்ளை மேலே பூசிய ரோடியம் என்னும் உலோகம். வியர்வையிலும் உராய்விலும் அது தேயும். தினம் அணிந்தால் ஒன்று, ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை மறுபூச்சு போட வேண்டிவரும். மறுபூச்சுக்கு முன் மெருகேற்றுவார்கள், ஒவ்வொரு மெருகிலும் கொக்கி நுனி கொஞ்சம் தேயும். அதனால் பூச்சுக்குக் கொடுக்கும்போதே கொக்கியையும் பார்க்கச் சொல்லுங்கள். விரலில் அரிப்பு வந்தால் உலோகத்தில் நிக்கல் இருக்கலாம். பல்லேடியம் கலந்த ஒயிட் கோல்டு கேளுங்கள்.

பிளாட்டினத்துக்குப் பூச்சு வேண்டாம். கீறல் விழுந்தாலும் உலோகம் உதிர்வது குறைவு, ஒதுங்கி நிற்கும். அதனால் கொக்கி மெதுவாகத்தான் தேயும். ஆனால் அடர்த்தி அதிகம்: 750இல் 4 கிராம் வரும் மோதிரம் பிளாட்டினத்தில் 5.3 கிராம் அளவில் நிற்கும்.

கல் விரலிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கலாம்?

ஒரு கேரட் உருண்டைக் கல்லின் ஆழமே ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். அடிமுனை தோலில் குத்தாமல் இருக்க இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும். விரலிலிருந்து கல்லின் மேல்முகம் வரை 5 முதல் 6 மில்லிமீட்டர் என்றால் தாழ்வான செட்டிங். 7, 8 போனால் தலைமுடியிலும் துண்டிலும் மாட்டும், கார் கதவில் இடிக்கும். கேத்தீட்ரல் வடிவத்தில் வளையத்தின் இரு தோளும் மேலேறித் தலையைத் தாங்கும். உயரமான கல்தான் வேண்டும் என்றால் அந்தத் தோள் பக்க அடியை வாங்கிக்கொள்ளும்.

திருமண மோதிரத்தையும் சேர்த்தே அணிவோம். இரண்டும் ஒட்டி உட்காருமா?

முன்பே நினைத்தால் உட்காரும். பதிவுத் திருமணத்தன்று மாற்றிக்கொள்ளும் மோதிரம் பரிச மோதிரத்தோடு ஒரே விரலில் வருகிறது. தாழ்வான கூடைத்தலை (கூடைபோல் கல்லைத் தாங்கும் தலை) வளையத்தின் அகலத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், இரண்டு மோதிரத்துக்கும் நடுவே இடைவெளி விழும். பரிச மோதிரம் எடுக்கும்போதே ஒரு சாதாரண 2 மில்லிமீட்டர் வளையத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு மோதிரத்தின் ஓரத்தில் பொடிக்கல் இருந்தால் அது பக்கத்து மோதிரத்தின் தங்கத்தை அரம்போல் அறுக்கும். ஓராண்டில் பள்ளம் தெரியும்.

பாட்டியின் வைரத்தோட்டிலிருந்து கல்லை எடுத்துப் பரிச மோதிரம் செய்யலாமா?

தாராளமாக. ஆனால் மூன்று விஷயங்களுக்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

பழைய தோடுகள் பெரும்பாலும் அடி மூடியவை. கல்லுக்குக் கீழே பளபளப்பான தகடு வைத்திருப்பார்கள். அந்தத் தகடு கொடுத்த வெளிச்சத்தில் கல் வெள்ளையாகத் தெரிந்திருக்கும். கழற்றியதும் மஞ்சள் சாயல் வெளிப்படலாம். கல் மாறிவிட்டது என்று பத்தர் மேல் சந்தேகம் எழுவது இங்கேதான். அதைத் தவிர்க்க, கழற்றும்போது பக்கத்தில் இருங்கள். கழற்றியதும் எடை போட்டு, அகலம் அளந்து, தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

இரண்டாவது, பழைய பட்டைக் கற்களின் இடுப்பு விளிம்பு சில இடத்தில் கத்திபோல் மெல்லியதாக இருக்கும், ஒழுங்கான வட்டமாகவும் இருக்காது. கொக்கியை மடக்கும் அழுத்தத்தில் அந்த விளிம்பு சில்லு பெயரும். இப்படிப்பட்ட கல்லுக்குப் பெசல்தான் பாதுகாப்பு. வடிவத்துக்கு ஏற்ப விளிம்பை வளைக்கவும் முடியும். கல்லுக்குள் இருக்கும் இறகு போன்ற விரிசல் விளிம்பைத் தொட்டால், அந்த இடத்தில் கொக்கியோ அழுத்தமோ வராமல் வைக்கச் சொல்ல வேண்டும். விரிசலைக் கொக்கிக்கு அடியில் ஒளிப்பது அழகுக்கு நல்லது, கல்லுக்கு ஆபத்து.

மூன்றாவது, அது வைரமே இல்லாமல் வெள்ளைக்கல்லாக இருக்கலாம். பேனா வடிவச் சோதனைக் கருவி வெப்பத்தை வைத்துப் பார்ப்பது. வைரம்போல் தோன்றும் மொய்சனைட் கல்லையும் அது வைரம் என்றே காட்டக்கூடும். மதிப்புள்ள கல் என்றால் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

வைரம் ஆகுமா என்று மூன்று நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். பதித்த பிறகு பார்க்கலாமா?

பதிப்பதற்கு முன்பே பாருங்கள். நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால் பதித்த கல்லைக் கடை எளிதில் திரும்ப வாங்காது. தனிக்கல்லை முன்பணம் கட்டி, எடுத்துச் செல்லும் நாளையும் திருப்பும் நாளையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் பயப்படும் கரும்புள்ளியும் செம்புள்ளியும் அப்போதே லூப்பில் தெரிந்துவிடும்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரத்துக்கு செட்டிங் வேறா?

அதே கடினம், அதே செட்டிங். சான்றிதழிலும் ரசீதிலும் ஆய்வக வைரம் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

விரல் அளவை எப்போது எடுப்பது?

மாலையில், குளிர்சாதனம் இல்லாத இடத்தில். பேரங்காடியின் குளிரில் விரல் சுருங்கும், வெளியே வெயிலில் வீங்கும். நம் ஊரில் இந்த வேறுபாடு அரை அளவு வரை போகும். கடைக்குக் கடை எண் முறை வேறு. எனவே எண்ணைக் கேட்காமல் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் எழுதி வாங்குங்கள். அமெரிக்க முறையில் 6 என்றால் 16.5 மில்லிமீட்டர், ஓர் அளவு கூடினால் விட்டம் 0.8 மில்லிமீட்டர் கூடும். கணு தடித்து, அடி விரல் மெலிந்தவர்களுக்குக் கணுவைத் தாண்டும் அளவு எடுத்து, வளையத்தின் உள்ளே அடிப்பக்கம் இரண்டு சின்னக் குமிழ் வைத்தால் மோதிரம் சுழலாது.

பிறகு அளவு மாற்றும்போது வளையத்தை அறுத்துப் பற்றவைப்பார்கள். வெறும் கொக்கி மோதிரம் ஓர் அளவு ஏறி இறங்குவது சாதாரணம். சேனலிலும் பாவேயிலும் வளைவு மாறினால் கற்கள் தளரும். பற்றவைக்கும் சூடு பாதுகாப்பில்லாமல் வைரத்தில் பட்டால் மேற்பரப்பு பால் படிந்தது போல் மங்கும்; திரும்பப் பட்டை தீட்டினால்தான் போகும், எடையும் குறையும். தெரிந்த பத்தர் கல்லின் மேல் போரிக் அமிலக் கரைசல் பூசிவிட்டுத்தான் நெருப்பைக் கிட்டக் கொண்டுபோவார்.

மாப்பிள்ளை மோதிரத்துக்கு?

ஃப்ளஷ் அல்லது பெசல், வேறு யோசிக்க வேண்டாம். தமிழ் முஸ்லிம் வீடுகளில் ஆணுக்குத் தங்கம் கூடாது என்பதால் பிளாட்டினமோ வெள்ளியோ எடுப்பார்கள். ஒயிட் கோல்டும் தங்கமே என்பதை நினைவில் வையுங்கள்.

ஆர்டர் கொடுத்துச் செய்தால் எவ்வளவு நாள், ரசீதில் என்ன இருக்க வேண்டும்?

கணினி வரைபடம், மெழுகு மாதிரி, வார்ப்பு, பதிப்பு, மெருகு என்று பொதுவாக மூன்று முதல் ஆறு வாரம். தீபாவளிக்கு முன்னும் தை, ஆவணி முகூர்த்தக் காலத்திலும் கூட்டம். பரிசத்துக்கு இரண்டு மாதம் முன்பே கொடுங்கள். மெழுகு மாதிரி வந்ததும் விரலில் போட்டுப் பாருங்கள், உயரம் அப்போதுதான் புரியும். அந்தக் கட்டத்தில் மாற்றுவது சுலபம், வார்த்த பிறகு புது மோதிரம்தான்.

ரசீதில் உலோக முத்திரை எண், மொத்த எடை, நடுக்கல்லின் எடையும் சான்றிதழ் எண்ணும், பொடிக்கற்களின் எண்ணிக்கையும் மொத்த எடையும், கூலி தனியாக, எத்தனை மாதத்துக்குப் பொடிக்கல் விழுந்தால் இலவசமாக வைத்துத் தருவார்கள் என்பது, இவ்வளவும் இருக்க வேண்டும். "லைஃப்டைம் வாரண்டி" என்று வாயால் சொன்னது கணக்கில் வராது. திரும்ப விற்கப் போனால் பொடிக்கல்லுக்கும் கூலிக்கும் காசு வருவது அரிது. அடகுக்கடையிலும் பெரும்பாலும் தங்க எடையைத்தான் பார்ப்பார்கள்.

கடையோடு தகராறு முற்றினால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரையான கோரிக்கையை மூன்று ஆண்டுக்குள் 5 ரிங்கிட் கட்டணத்தில் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. கையில் இருக்க வேண்டியது அந்த ரசீது.

வீட்டில் எப்படிக் கழுவுவது?

வைரம் தண்ணீரை ஒட்டவிடாது, எண்ணெயை விடாது. சுரங்கங்களில் மண்ணிலிருந்து வைரத்தைப் பிரிக்கக் கிரீஸ் பூசிய மேசையையே பயன்படுத்தியிருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய், கிரீம், சந்தனம், சந்தான் எனும் தேங்காய்ப்பாலின் கொழுப்பு எல்லாம் கல்லின் அடிப்பக்கத்தில் படிந்து மின்னலை அணைக்கும். கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டும் விட்டு அரை மணி நேரம் ஊறவையுங்கள். குழந்தைகள் பல்துலக்கும் மெல்லிய பிரஷால் அடியிலிருந்து தேயுங்கள்; மேல்முகத்தைத் தேய்ப்பதில் பயனில்லை. இதை வாரம் ஒருமுறை செய்தால் போதும். பற்பசை தங்கத்தைக் கீறும். குளோரக்ஸ் போன்ற வெளுப்பானும் நீச்சல்குளக் குளோரினும் தங்கத்தில் கலந்த மற்ற உலோகங்களைத் தாக்கி, கொக்கியின் வேரில் விரிசல் விடும். குளிக்கத் பினாங்கின் தெலுக் பாஹாங்கோ பத்து ஃபெரிங்கியோ போனால் கடலிலும் மோதிரம் வேண்டாம், குளிர்நீரில் விரல் சுருங்கி நழுவும். பாவே மோதிரத்தை ஒலியதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் கருவியில் போடும் முன் தளர்ந்த கல் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பத்தரிடம் கொக்கியைச் சோதியுங்கள். தேய்ந்த நுனிமேல் உலோகம் ஏற்றுவது சின்ன வேலை.

கல் விழுந்துவிட்டது. என்ன செய்வது?

நின்ற இடத்திலேயே நில்லுங்கள், யாரையும் நடக்கவிடாதீர்கள். தொட்டிக்குப் பக்கத்தில் என்றால் குழாயை மூடிவிட்டு, கீழே இருக்கும் வளைகுழாயைக் கழற்றி ஒரு வாளியில் கவிழ்த்துங்கள்; வைரம் நீரைவிட மூன்றரை மடங்கு கனம், பெரும்பாலும் அந்த வளைவிலேயே கிடக்கும். தரையில் என்றால் விளக்கை அணைத்து, கைப்பேசி விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்து மெதுவாக நகர்த்துங்கள். கிடைக்காவிட்டால் வாக்குவம் குழாயின் வாயில் பழைய காலுறையைக் கட்டி உறிஞ்சுங்கள். மோதிரத்தை அணியாதீர்கள், வளைந்த கொக்கியை நிமிர்த்தவும் வேண்டாம். எந்தக் கொக்கி, எந்தத் திசையில் போயிருக்கிறது என்பதை நாலு பக்கமும் படம் எடுத்து, அப்படியே ஒரு சின்னப் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். தேய்ந்து போனதா, அடிபட்டு மடங்கியதா, ஆழமாக வெட்டியதால் ஒடிந்ததா என்பது அந்த உலோகத்தில்தான் எழுதியிருக்கும்.